விலாசம் தெரிந்தவர்களுக்கு

உத்திரமேரூர் வட்டத்தில் பாகப்பிரிவினை கோரியும் பூர்விக நிலத்தில் உரிமை கோரியும் வழக்குத் தொடுத்திருக்கிற, அல்லது இனித் தொடுக்க உத்தேசித்திருக்கிற வாதிகளாகிய பெரியோர்களுக்கு.

சாலவாக்கத்திலிருந்தும் மானாம்பதியிலிருந்தும் திருப்புலிவனத்திலிருந்தும் பெருநகரிலிருந்தும், பழைய பத்திரங்களை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு கோர்ட்டு வாசலுக்கு வருகிற உங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தும், பேட்டா கட்டிக் கொடுத்தும், வாய்தாத் தேதியைக் காலண்டர் தாளில் குறித்துக் கொடுத்தும் நரைத்துப்போன வக்கீல் குமாஸ்தாக்களில் நானும் ஒருவன். நியாயாதிபதிகள் மேடையிலிருந்து சொல்வதற்கு வாய்ப்பில்லாததும், வக்கீல்கள் கட்சிக்காரரிடம் சொல்லத் தயங்குவதுமான ஒரு விஷயத்தை, இரண்டு தரப்புக்கும் நடுவில் காகிதம் சுமந்து திரிந்த ஒருவன் சொன்னால் தவறாகக் கொள்ளமாட்டீர்கள் என்னும் தைரியத்தில் இம்மடலை எழுதுகிறேன்.

உங்கள் வழக்குகளின் போக்கில் எனக்கு மனச்சங்கடம் தருகிற கட்டம் ஒன்று உண்டு. சம்மன் திரும்பி வந்திருக்கும். வீடு பூட்டியிருந்தது, பிரதிவாதி ஊரில் இல்லை, இருக்குமிடம் தெரியவில்லை என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். அதைக் கேட்டதும் உங்கள் முகத்தில் வருத்தம் தோன்றுவதற்குப் பதிலாக ஒரு நிம்மதி படரும். இனிப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டுவிட்டால் போதும், எதிர்த்துப் பேச ஆளில்லை, ஒன்றிரண்டு வாய்தாவில் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும் என்று நீங்கள் உள்ளூர மகிழ்கிறீர்கள். பிரதிவாதி உங்களுடைய சொந்தத் தம்பியாக இருப்பான். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்து உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருப்பான். நான் எழுத வந்தது அந்த நிம்மதியைப் பற்றித்தான்.

ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது நியாயஸ்தலத்தின் வேலை, பிராது கொடுத்ததோடு நம் வேலை தீர்ந்தது என்பது நம் பக்கத்தில் வேரூன்றிப்போன அபிப்பிராயம். 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை எத்தனை தரம் புரட்டினாலும் அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரம் அகப்படாது. பிரதிவாதியின் பெயரையும் அடையாளத்தையும் போலவே அவன் வசிக்கும் இடத்தையும், அறியக்கூடிய மட்டும் அறிந்து, பிராதில் எழுத வேண்டும் என்று ஏழாம் கட்டளை சொல்லுகிறது. சம்மன் சார்பாகாமல், அதாவது பிரதிவாதியிடம் சேராமல், திரும்பி, அந்த விவரம் நியாயஸ்தலத்துக்குத் தெரிவிக்கப்பட்ட ஏழு நாளுக்குள் வாதி மறு சம்மனுக்கு விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் வழக்கையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று ஒன்பதாம் கட்டளையின் ஐந்தாம் விதி சொல்லுகிறது. ஒரு மாதமாக இருந்த இந்த அவகாசத்தை 2002 ஜூலை முதல் ஏழு நாளாகக் குறுக்கிவிட்டார்கள். அந்தத் தள்ளுபடியிலிருந்து தப்புவதற்குச் சட்டம் விட்டிருக்கிற வழிகளில் முதலாவது எது என்று பாருங்கள்: பிரதிவாதியின் இருப்பிடத்தைக் கண்டறியத் தன்னாலான முயற்சி முழுவதையும் செய்து பார்த்தும் முடியவில்லை என்று வாதியே நியாயாதிபதியைத் திருப்திப்படுத்துவதுதான். தேடுகிற கடமை யாருடையது என்பதில் இதற்குமேல் சந்தேகம் வைக்க இடமில்லை.

நியாயஸ்தலத்தின் பங்குக்குத் தேடிப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். கட்டளை நிறைவேற்றுநர் என்பது அவருடைய உத்தியோகப் பெயர், ஊரார் வாயில் கோர்ட்டு அமீனா. கோர்ட்டு நாசரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய சம்மன் கட்டைத் தோள்பையில் வைத்துக்கொண்டு, ஏரிக்கரை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் பெயரைச் சொல்லி விசாரித்து, ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிற தெருவில் தகப்பன் பெயரைக் கொண்டு ஆளைப் பிரித்தறிந்து, கதவெண் இரண்டு தரம் மாறிப்போன வீட்டின் வாசலில் அவர் நிற்கும்போது உச்சிவெயில் தலைக்கு ஏறியிருக்கும். முற்காலத்தில் அவர் நேரே கர்ணத்தின் வீட்டுக்கோ மணியக்காரர் வீட்டுக்கோ போவார். ஊரில் யார் எந்தத் தேசத்துக்குப் போனான், யார் மகள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பதெல்லாம் அங்கே மனப்பாடமாகக் கிடைக்கும். 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவிகளை ராஜாங்கம் ஒழித்தது. ஒழித்ததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. பிறப்பால் வருகிற அதிகாரத்துக்கு நான் பரிந்து பேச வரவில்லை. ஆயினும், அவற்றுக்குப் பிறகு வந்த கிராம நிர்வாக அலுவலர் இன்று இந்த ஊர், நாளை வேறு ஊர் என்று மாற்றலில் போகிறவராகையால், ஊரின் ஞாபகம் முழுவதையும் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. அந்த ஞாபகம் இப்போது பங்காளிகளிடத்திலேதான் இருக்கிறது. பங்காளிகளோ வழக்கில் கட்சிக்காரர்கள்.

வாசலில் நிற்கிற அமீனா என்ன செய்யவேண்டும் என்பதை ஐந்தாம் கட்டளை படிப்படியாக வகுத்திருக்கிறது. கூடுமானவரையில் சம்மனைப் பிரதிவாதியின் கையிலேயே கொடுக்க வேண்டும். அவன் வெளியே போயிருந்து, நியாயமான காலத்துக்குள் அகப்படுவான் என்று தோன்றாமல், அவனுக்காக வாங்க ஏஜெண்டும் இல்லாவிட்டால், அவனோடு கூட வசிக்கும் குடும்பத்தாரில் வயது வந்த ஒருவரிடம் கொடுக்கலாம். வேலைக்காரனைக் குடும்பத்தானாகக் கருதக் கூடாது. வாங்குகிறவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்றிருந்ததை 1976ஆம் வருஷத்துத் திருத்தம் நீக்கியது. குற்ற வழக்குகளில் அதே நிபந்தனை நீங்குவதற்கு 2024 ஜூலை முதல் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று என்பதை இங்கே இடைப்பிறவரலாகச் சொல்லிவைக்கிறேன். தக்க பிரயாசை எடுத்தும் ஆள் அகப்படாமல், வாங்குவதற்கும் ஒருவர் இல்லாவிட்டால், வெளிக்கதவிலோ வீட்டின் பார்வையான வேறு பாகத்திலோ நகலை ஒட்டலாம். ஒட்டியதோடு அவர் வேலை முடியவில்லை. எந்தச் சந்தர்ப்பத்தில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், எவர் முன்னிலையில் ஒட்டினார் என்பவற்றைப் பெயர் விலாசத்தோடு எழுதித் திருப்ப வேண்டும். பிரமாணப் பத்திரத்தால் அந்த அறிக்கையை அவர் உறுதிசெய்யாதிருந்தால் நியாயாதிபதி அவரைக் கூண்டிலேற்றிப் பிரமாணத்தின்பேரில் விசாரிக்க வேண்டும். பூட்டிய கதவில் ஒரு காகிதத்தை ஒட்டுவதற்கு இத்தனை காவல் வைத்திருப்பது ஏனென்றால், அந்தக் கதவுக்குப் பின்னால் ஆளில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இப்போது இந்த அலைச்சலைக் கைப்பேசியிலேயே பதிவுசெய்து, ஒட்டிய இடத்தின் படத்தையும் அட்சரேகை தீர்க்கரேகையோடு அனுப்பும் மின்னணு ஏற்பாடு நியாயஸ்தலங்களுக்கு வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் தப்பான விலாசத்தை எத்தனை துல்லியமாகப் படம் பிடித்தாலும் அது தப்பான விலாசமே.

இங்கே சகோதரிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் தாலுகாவில் அகப்படாமல் போகிறவர்களில் பெரும் பகுதியினர் அவர்கள்தான் என்பது என் அனுபவம். பெண்ணுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கில்லை என்றிருந்த காலத்தில் அவளைப் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் நேரவில்லை. 1989 மார்ச் 25ஆம் தேதிக்குமுன் விவாகம் ஆகாதிருந்த பெண்மக்களுக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் பிறப்புரிமை அளித்தது; 2005ஆம் வருஷத்து மத்திய திருத்தம் அதை எல்லாப் பெண்மக்களுக்கும் பொதுவாக்கிற்று; தகப்பன் அத்திருத்தத்தின்போது உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நியாயஸ்தலமும் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆகவே, சகோதரியைச் சேர்க்காத பாகப்பிரிவினை வழக்கு நிற்காது என்று வக்கீல் சொல்லுகிறார். சேர்த்துவிட்டால் பங்கு போய்விடுமே என்று உங்கள் மனம் சொல்லுகிறது. இந்த இரண்டுக்கும் சமாதானமாக நீங்கள் கண்டுபிடித்த உபாயம் ஒன்று உண்டு: அவளைப் பிரதிவாதியாகச் சேர்ப்பீர்கள், ஆனால் விலாசம் என்ற இடத்தில் பிறந்த வீட்டுக் கதவெண்ணை எழுதுவீர்கள்.

மதுராந்தகத்திலோ ஆரணியிலோ வாழ்க்கைப்பட்டு, அங்கே பேரன் பேத்தி எடுத்துவிட்ட அம்மாளுக்குரிய சம்மன், அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறது. அந்த வீட்டில் குடியிருக்கிறவர் வாதியாகிய நீங்கள். வாங்கிக்கொண்டால் அகப்பட்டுக்கொள்வோம் என்பதற்காக, அவள் இங்கே இல்லை, எங்கே இருக்கிறாளோ தெரியாது என்று உங்கள் மனைவியாரைக் கொண்டு சொல்லுவிக்கிறீர்கள். கூட வசிக்காதவர் வாங்கினாலும் அது சார்பாகாது. அது வேறு சங்கதி. கடைசியில் என்ன நடக்கிறதென்றால், தங்கைக்கு எதிராக அண்ணன் தொடுத்த வழக்கின் சம்மன் அண்ணனுடைய வீட்டுக் கதவிலேயே ஒட்டப்படுகிறது. இதைவிட விசித்திரமான காட்சி ஒன்றை இந்தத் தாலுகாவில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதே தங்கையின் வீட்டுக்கு ஆடிச் சீர் கொண்டுபோகத் தெருவும் கதவெண்ணும் தெரிந்திருந்தன. பேத்தியின் காதணி விழா அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப அவள் எண்ணும் தெரிந்திருந்தது. தாய்மாமன் முறைக்கு அவள் மகன் வந்து மாலை போட்டுக்கொண்டு நின்ற படமும் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பிராதில் எழுதும்போது மட்டும் அவள் எங்கே இருக்கிறாள் என்பது மறந்துபோகிறது.

தொலைவில் இருக்கிறான், அவனுக்கு எப்படி அனுப்புவது என்று சிலர் கேட்பதுண்டு. சட்டம் இதை யோசியாமல் விடவில்லை. வேறொரு நியாயஸ்தலத்தின் எல்லைக்குள் வசிக்கிறவனுக்கு அந்த நியாயஸ்தலத்தின் மூலமாக அனுப்பலாம். ராணுவத்தில் இருக்கிறவனுக்கு அவனுடைய தளபதி மூலமாக, ராஜாங்க உத்தியோகத்திலோ ரயில்வேயிலோ இருக்கிறவனுக்கு அவன் அலுவலகத் தலைவர் மூலமாக, சிறையில் இருக்கிறவனுக்குச் சிறை அதிகாரி மூலமாக, சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறவனுக்குத் தபால் மூலமாக. வாதியே கையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க அனுமதி கேட்கவும் விதியிருக்கிறது. தபால், கூரியர், மின்னஞ்சல் ஆகியவையும் 2002 முதல் சட்டத்தில் ஏறிவிட்டன. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 ஜூலை 10ஆம் தேதி, வாட்ஸ்அப் போன்ற வழிகளையும் மின்னஞ்சலோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று உச்ச நியாயஸ்தலம் அனுமதித்தது. வழி இத்தனை இருக்க, ஆள் அகப்படவில்லை என்று பிரமாணம் செய்வதற்கு மனத்திண்மை வேண்டும்.

இத்தனை வழியும் அடைபட்ட பிறகுதான் ஐந்தாம் கட்டளையின் இருபதாம் விதி வருகிறது. பிரதிவாதி வேண்டுமென்றே தலைமறைவாயிருக்கிறான் என்றோ, வேறு காரணத்தால் சாதாரண முறையில் சார்பு செய்ய இயலாது என்றோ நம்புவதற்குக் காரணமிருப்பதாக நியாயாதிபதி திருப்தியடைந்தால், நியாயஸ்தலத்தின் பார்வையான இடத்திலும், பிரதிவாதி கடைசியாக வசித்த அல்லது தொழில் செய்த வீட்டிலும் நகலை ஒட்டும்படி உத்தரவிடலாம். அல்லது வேறு தக்க முறையைக் கையாளலாம். இதற்கு மாற்றுமுறைச் சார்பு என்று பெயர். பத்திரிகையில் விளம்பரம் செய்வதானால், பிரதிவாதி கடைசியாக வசித்த வட்டாரத்தில் பரவியிருக்கும் தினப்பத்திரிகையில் செய்ய வேண்டும். முன்காலத்தில் இம்மாதிரி அறிவிப்புகளுக்குத் தண்டோராவும் துணையாயிற்று. நிலத்தை ஜப்தி செய்யும்போது தமுக்கடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்ற விதி இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு ஜாதியாரின் தலையில் அந்த இழிவைச் சுமத்திவந்ததனால் தண்டோராவை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எழுதியது மிகவும் சரியே. ஆனால் பறையொலி தெருக்கோடி வரைக்குமாவது கேட்டது. பத்திரிகையின் உள்பக்கத்து மூலையில், நில விற்பனை விளம்பரங்களுக்கும் பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கும் இடையில் எறும்பு ஊர்வதுபோல் அச்சாகிற பத்து வரியை, உங்கள் தங்கை கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிப் படிப்பாள் என்று உண்மையில் நீங்கள் நம்புகிறீர்களா? படிக்கமாட்டாள் என்பதுதானே உங்கள் நம்பிக்கை?

அந்த நம்பிக்கை பலித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். விளம்பரம் வந்தது, பெயர் மூன்று தரம் கூப்பிடப்பட்டது, ஆஜரில்லை, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாயிற்று, அதை வைத்துப் பட்டாவும் மாற்றி, நல்ல விலை வருகிறதென்று மனை வியாபாரிக்கு அச்சாரமும் வாங்கிவிட்டீர்கள். கையிலிருக்கிற அந்தத் தீர்ப்பின் பலம் என்ன என்று எப்போதாவது கேட்டதுண்டா? சம்மன் முறையாகச் சார்பாகவில்லை என்று பிரதிவாதி மெய்ப்பித்தால் அத்தீர்ப்பை ரத்துசெய்ய ஒன்பதாம் கட்டளையின் பதின்மூன்றாம் விதி வழிவிடுகிறது. அதற்கு முப்பது நாள்தானே கெடு, அது எப்போதோ கழிந்துவிட்டதே என்று நீங்கள் சொல்லலாம். 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 123ஆம் இனத்தைத் தயவுசெய்து உங்கள் வக்கீலைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சம்மன் முறையாகச் சார்பாகாத இடத்தில் அந்த முப்பது நாள், தீர்ப்பைப் பற்றி அவளுக்குத் தெரியவந்த தேதியிலிருந்தே தொடங்குகிறது. அதற்கும் மேலாக, இருபதாம் விதிப்படி செய்த மாற்றுமுறைச் சார்பு இந்தக் கணக்குக்கு முறையான சார்பாகாது என்று அதன் விளக்கவுரை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லுகிறது. அதாவது, எந்த விளம்பரத்தை உங்கள் கோட்டை என்று நினைத்தீர்களோ அதுவே அவளுக்குத் திறந்திருக்கிற வாசல். ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்து, வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்த அன்றைக்கு அவளுக்கு விஷயம் தெரியவந்தால், அன்றைக்குத்தான் கெடு பிறக்கிறது.

நியாயஸ்தலங்களும் இந்த விஷயத்தில் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. கர்நாடகத்திலிருந்து சென்ற ஒரு விவாகரத்து வழக்கில், மனைவிக்குப் பத்திரிகை மூலம் அறிவித்துக் கணவன் பெற்ற தீர்ப்பை, அவன் இறந்துபோன பிறகும் எதிர்த்து அவள் மனுச்செய்யலாம் என்றும், மாற்றுமுறைச் சார்பைக் கடைசிக் கதியாகவே கொள்ள வேண்டும் என்றும் 1996இல் உச்ச நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. பிரதிவாதி தலைமறைவாயிருக்கிறான் என்பதற்குக் காரணம் காணாமல், திரும்பிவந்த சம்மனைப் பார்த்தவுடனே யந்திரம்போல் விளம்பரத்துக்கு உத்தரவிடுவது முறையன்று என்று 2018இல் இன்னொரு வழக்கில் வற்புறுத்திற்று. நம் தமிழ்நாட்டிலிருந்தே சென்ற ஒரு பாகப்பிரிவினை வழக்கு 1993இல் முடிவாயிற்று. அதில் வாதி தான் முன்பே எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தை மறைத்துத் தீர்ப்பு வாங்கியிருந்தான். வஞ்சனையால் பெற்ற தீர்ப்பு சட்டத்தின் கண்ணுக்குத் தீர்ப்பே அல்ல, அதை எந்த நியாயஸ்தலத்திலும் எப்போதும் எதிர்க்கலாம் என்று அங்கே விதிக்கப்பட்டது. தெரிந்த விலாசத்தை மறைப்பதும், பத்திரத்தை மறைப்பதும் ஒரே இனத்தைச் சேர்ந்த காரியங்கள் என்றுதான் நான் கருதுகிறேன்.

பிரதிவாதிகள் எல்லாரும் நிரபராதிகள் என்று நான் சொல்லவரவில்லை. அமீனா தெருமுனையில் வரும்போதே கொல்லைப்புறமாய்ப் போய் வைக்கோற்போருக்குப் பின்னால் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குச் சட்டம் இரங்குவதில்லை: தபாலை வாங்க மறுத்தால் சார்பானதாகவே கொள்ளும், சார்பில் சிறு பிசகு இருந்தாலும், விசாரணைத் தேதி அவனுக்குத் தெரிந்து, வந்து பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்ததென்றால் தீர்ப்பை ரத்துசெய்யாது, அந்த வட்டாரத்தில் பரவியிருக்கும் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தால், நான் அந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரன் அல்லன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2008இல் ஒரு தீர்ப்பும் உண்டு. ஒளிகிறவனுக்கு ஒளிகிறவனுடைய பலன். நான் பேசுவது ஒளியாதவர்களைப் பற்றி.

மெய்யாகவே காணாமற்போனவர்களும் உண்டு. எந்தக் குடும்பத்திலும் ஒருவன், கோபித்துக்கொண்டோ, கடன் தாங்காமலோ, சன்னியாசம் என்று சொல்லிக்கொண்டோ, புறப்பட்டுப் போய்த் திரும்பாமல் இருக்கிறான். இயல்பாக அவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு வருஷமாகக் கேள்விப்படவில்லையென்றால், அவன் உயிரோடிருப்பதாகச் சொல்லுகிறவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டம் சொல்லுகிறது. பழைய சட்டத்தின் 108ஆம் பிரிவு இப்போதைய சட்டத்தில் 111ஆம் பிரிவாக இருக்கிறது. அவனுக்காகத்தான் மாற்றுமுறைச் சார்பு ஏற்பட்டது. அவன் விஷயத்தில் அதைத் தயங்காமல் கேளுங்கள். ஆனால் அப்போதும் ஒரு காரியம் உங்கள் கையில் இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் ஒவ்வொரு பங்காளியும் தன் பங்குக்கு வாதிபோலவே ஆகிறான். ஆகையால் ஆரம்பத் தீர்ப்பில் அவன் பங்கை அவன் பெயருக்கே ஒதுக்கும்படி நீங்களே கேட்கலாம். அவன் வராமற்போனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். வந்துவிட்டாலோ, தனக்கு இடம் இருந்தது என்று அவன் அறிவான்.

நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரைப் பார்க்கத் தேசாந்தரங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வருகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், குடவோலை முறையைக் குறித்துச் சபை செய்த ஏற்பாடுகள் அந்தச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வாரியங்களுக்கு யார் தகுதியுடையவர், யார் தகுதியற்றவர் என்கிற பட்டியலைத்தான் எல்லாரும் எடுத்துக் காட்டிப் பெருமைப்படுகிறோம். எனக்கு அதைவிட அதிசயமாகத் தோன்றுவது சீட்டெடுக்கும் விதம். சபையார் பாலவிருத்தர் உள்பட நிறைந்து கூட வேண்டும். ஊரிலிருக்கிற கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத பாலன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும். படித்ததை மண்டபத்திலிருக்கிற நம்பிமார் எல்லாரும் படிக்க வேண்டும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடந்துவிடக் கூடாது என்பதில் அந்தச் சபையாருக்கு இருந்த கவலை இது. வேறு யார் எப்படிப் போனாலும், அந்தச் சுவரின் நிழலில் வாழ்கிறவர்கள் ஆளில்லாத நேரம் பார்த்துத் தீர்ப்பு வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

அழைப்பைப் பற்றி இன்னும் பழைய கதை ஒன்றும் நமக்குத் தெரியும். புத்தூரில் நம்பியாரூரருக்கு மணம் நடக்கிற பந்தலிலேயே வந்து நின்று, இவன் எனக்கு அடிமை என்று ஓலை காட்டிய கிழ வேதியரைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். பிரதிவாதி ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிட்டார். அதனாலும் வழக்கு நிற்கவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலையை வைத்து, கையெழுத்தை ஒப்பு நோக்கி, பிரதிவாதியை முன்னிலையில் வைத்துக்கொண்டே தீர்த்தார்கள். அந்த வழக்கில் விலாசம் விசாரித்தபோது அகப்படாமற்போனவர் வாதிதான்; வீட்டைக் காட்டுகிறேன் என்று திருவருட்டுறைக் கோயிலுக்குள் போனவர் திரும்பவில்லை. சிவபெருமானாகிய அவருக்கு அது தகும். உங்களுக்கும் எனக்கும் தகாது. வாதி தன்னுடைய விலாசத்தைப் பொய்யாகக் கொடுத்தால் வழக்கையே நிறுத்திவைக்கலாம் என்று ஆறாம் கட்டளையில் விதியிருக்கிறது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவே. பிராதில் எழுதியிருக்கிற விலாசங்களை இன்று மாலை எடுத்துப் பாருங்கள். சென்ற கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கப்போன வீடு எதுவோ, அந்த வீட்டின் கதவெண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையானால், மாமியார் ஊரில் விசாரியுங்கள், வேலை செய்யும் கம்பெனியின் பெயரைக் கேளுங்கள், வாக்காளர் பட்டியலைப் பாருங்கள், கைப்பேசியில் இருக்கிற எண்ணைக் கூப்பிட்டே கேளுங்கள். வழக்குப் போட்டிருக்கிறேன், எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும் என்று கேட்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. கிடைத்த விலாசத்தை உங்கள் வக்கீலிடம் கொடுத்து, அடுத்த வாய்தாவுக்கு முன்பாகத் திருத்தம் கேட்டு மனுப்போட்டு, மறு பேட்டா கட்டுங்கள். சம்மன் திரும்பி வந்திருந்தால் ஏழு நாளுக்குள் கட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தாலுகாவின் பழைய வக்கீல் குமாஸ்தா ஒருவன்